வலன்ரீனாவும் சைக்கிள் டைனமோவும்

சில மாதங்களுக்கு முன் எங்கள் தையல் வகுப்பில் மதியச் சாப்பாட்டு நேரம். நான்கு இளம்பிள்ளைகள் ஒரு கைத்தொலைபேசியைச் சுற்றி இருந்து 'எந்திரன்' படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் எட்டிப் பார்த்தேன்.

"ரீச்சர், உங்களுக்கும் உது விருப்பமோ?" என்று ஒருத்தி சிரித்தாள்.

"உதுக்கு வசனம் எழுதினவையிலை சுஜாதாவும் ஒராள். அந்த மனுசன் எண்பதுகளிலேயே ஜீனோ எண்டு ஒரு இயந்திர நாயைக் கதைக்க வைச்சவர்" என்று நான் தொடங்கியதும் நால்வரும் படத்தை நிறுத்திவிட்டார்கள். எழுபது கடந்த பென்சன்காரத் தமிழ் ரீச்சருக்கு இயந்திர நாயோடு என்ன உறவு என்று அவர்களுக்கு ஆச்சரியம். அன்று அவர்களுக்குச் சொன்னதையே, சகோதரிகளே, இங்கே எழுதுகிறேன்.

இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்தது 1963ஆம் ஆண்டு. பதினொரு வயது. காலைப் பிரார்த்தனை முடிந்ததும் ஒரு மாணவி பத்திரிகைச் செய்தி வாசிப்பது எங்கள் பள்ளிக்கூடத்தில் வழக்கம். யூன் மாதத்தில் ஒருநாள், சோவியத் நாட்டைச் சேர்ந்த வலன்ரீனா தெரெஸ்கோவா என்ற 26 வயதுப் பெண் தனியாக விண்வெளிக்குப் போயிருக்கிறார் என்று ஒரு அக்கா வாசித்தார். அவர் ஒரு பஞ்சாலைத் தொழிலாளி. பரசூட்டில் குதிக்கப் பழகியவர் என்பதால்தான் தெரிவானார். ஏறக்குறைய மூன்று நாட்களில் பூமியை 48 தடவை சுற்றினார்.

பரசூட் என்ற சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. அம்மாவின் நூல் சேலை ஒன்றை நாலு மூலையிலும் கட்டிப் பிடித்துக்கொண்டு வேப்பமரக் கொப்பிலிருந்து குதித்தேன். சேலை விரியவில்லை. ஒட்டகப்புலத்துக்குக் கொண்டுபோய்ப் புக்கை கட்டினார்கள். இன்றைக்கும் மழைக்காலத்தில் இடது முழங்கை உளையும். அம்மாவுக்குக் கை முறிந்ததைவிடச் சேலை கிழிந்ததுதான் துக்கம்.

அதே ஆண்டுதான் எம்.ஜி.ஆரின் 'கலையரசி' வந்தது. வேற்றுக் கிரகத்தவர்கள் பறக்கும் தட்டில் வந்து பானுமதியைக் கொண்டு போகிறார்கள். அவர்களின் உலகத்தில் பாட்டும் கலையும் இல்லையாம். பெரியண்ணா எங்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். திரும்பி வரும்போது நான் வானத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து வாய்க்காலுக்குள் காலை விட்டேன்.

ஆனால் எங்கள் பள்ளிக்கூடத்தில் உயர்தரத்தில் பெண்பிள்ளைகளுக்கு விஞ்ஞானப் பிரிவு இல்லை. ஆய்வுகூடம் உள்ள பாடசாலை இரண்டு மைல் தள்ளி, அதுவும் ஆண்களோடு. "பொம்பிளைப் பிள்ளைக்கு உது என்னத்துக்கு?" என்று ஐயா ஒரே சொல்லில் முடித்தார். அழுதேன், பிறகு தமிழ் படித்தேன். மனிதன் சந்திரனில் கால் வைத்த 1969 யூலையில், எங்களூரில் ரிவி என்பதே கிடையாது. இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்தது 1979இல் தானே. பக்கத்து வீட்டு வானொலியடியில் நின்று கேட்டேன். கையில் இருந்தது இலக்கணக் கொப்பி.

ஆதர் சி. கிளார்க் 1956இலிருந்து எங்கள் நாட்டில் வாழ்ந்தவர் என்பது பலருக்குத் தெரியும். பூமியிலிருந்து விண்வெளிக்கு ஒரு மின்தூக்கி கட்டுவதைப் பற்றி 1979இல் ஒரு நாவல் எழுதினார். அதற்கு மத்திய கோட்டில் ஒரு மலை வேண்டும். சிவனொளிபாத மலையை மனதில் வைத்து, தீவையே தெற்கே நகர்த்தி எழுதிவிட்டார். நாங்கள் மூட்டை முடிச்சோடு எத்தனையோ தரம் இடம்பெயர்ந்தோம். அந்த மனுசன் ஒரு பேனையால் முழு நாட்டையும் இடம்பெயர்த்து வைத்தார், ஒருவரும் ஒரு செம்புகூடத் தொலைக்கவில்லை.

தொண்ணூறுகளில் நாங்களே விஞ்ஞானக் கதைக்குள்தான் வாழ்ந்தோம். மின்சாரம் இல்லை, பற்றரி தடை, மண்ணெண்ணெய் நெருப்பு விலை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டோமே, நினைவிருக்கிறதா? சுற்றுகிறவருக்குக் கை சோர்ந்தால் தமிழோசை அறிவிப்பாளரின் குரலும் சோரும். பக்கத்து வீட்டுப் பெடியன் சுற்றுவான். கூலியாக அவனுக்கு நான் கதை சொல்ல வேண்டும். ஜாம் போத்தல் விளக்கடியில் இருந்து விண்கப்பல் கதை சொன்னேன்.

1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது புத்தகப் பெட்டி வீட்டிலேயே நின்றுவிட்டது. திரும்பிப் போனபோது வீட்டுக்குக் கூரையும் இல்லை, பெட்டியும் இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு கிடைத்த ஒரு கதையைச் சொல்லாமல் விட முடியாது. வங்காளத்து ரொக்கேயா 1905இல் எழுதிய 'சுல்தானாவின் கனவு'. சென்னையில் வந்த ஒரு பெண்கள் சஞ்சிகையில்தான் முதலில் வெளியானது. அந்த நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள், பெண்கள் ஆட்சியில். சமையல் வெயிலின் சூட்டில். படையெடுத்து வந்தவர்களைப் பெண்கள் சூரிய வெப்பத்தைத் திருப்பி விட்டே துரத்துகிறார்கள். ஈர விறகை ஊதி ஊதிக் கண் எரிந்த காலத்தில் இதை வாசித்திருந்தால் அடுப்படியிலேயே விழுந்து சிரித்திருப்பேன்.

தெரெஸ்கோவாவைப் பற்றியும் பிற்பாடுதான் முழுமையாக அறிந்தேன். அவருடைய பிற்கால அரசியல் எனக்கு உவப்பானதல்ல. ஆனால் ஒரு விடயம் என்னை உலுக்கியது. அவருக்கு மூன்று வயது நிறைவதற்கு முன்பே தகப்பன் பின்லாந்து யுத்தத்தில் கொல்லப்பட்டார். தாய்தான் ஆலையில் வேலை செய்து மூன்று பிள்ளைகளையும் வளர்த்தார். விண்வெளியிலிருந்து திரும்பியதும், நாடு உங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். வீடு கேட்கவில்லை, பணம் கேட்கவில்லை. தன் தகப்பன் கொல்லப்பட்ட இடம் எது என்று தேடிக் கண்டுபிடித்துச் சொல்லும்படி கேட்டார்.

என் தம்பி 1990இல் வேலைக்கென்று சைக்கிளில் போனவன். அம்மா கண் மூடும்வரை கேற் சத்தத்துக்குக் காது கொடுத்தபடி இருந்தா.

இதை வகுப்பில் சொன்னபோது எல்லோரும் பேசாமல் இருந்தார்கள். கடைசி மெஷினில் இருந்த ஒரு தாய் மட்டும், ஊசியில் நூலைக் கோத்தபடி கேட்டா:

"கண்டுபிடிச்சுக் குடுத்தவையோ, ரீச்சர்?"

"ஓம் பிள்ளை. குடுத்தவை. அந்த இடத்திலை ஒரு நினைவுக் கல்லும் நிக்குது."

அவ தலையை ஆட்டிவிட்டு மெஷினை மிதிக்கத் தொடங்கினா.