பணம் திருட்டுப் போகவில்லை. அரிசி டின்னில் இருந்தது! 'லூபஸ்' மறதியால் பெண் படும் பாடு

அயனாவரம் பக்கத்தில் உள்ள ஒரு போலீஸ் நிலையத்துக்கு ஒரு பெண் அழுது கொண்டே வந்தார். வயது 36.

"சீட்டுப் பணம் ரூ.8 ஆயிரத்தைக் காணோம் சார். பீரோவிலதான் வச்சேன்" என்றார்.

"யார் மேலம்மா சந்தேகம்?" என்று ஏட்டு கேட்டார்.

பக்கத்துப் போர்ஷனில் இருக்கும் பிளஸ்-2 மாணவி மீதுதான் சந்தேகம். தண்ணீர் பிடித்துக் கொடுக்க அடிக்கடி வீட்டுக்குள் வந்து போகிறவள். அவளையும் அம்மாவையும் நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது.

சாயங்காலம் உலை வைக்க அரிசி அளந்தபோது பணம் கிடைத்து விட்டது! டின்னுக்குள், மஞ்சள் பையோடு அப்படியே இருந்தது. வைத்தவர் வேறு யாரும் இல்லை. புகார் கொடுத்தவரேதான்!

"நான்தான் வச்சிருக்கேன் சார். வச்ச ஞாபகம் சுத்தமா இல்லை" என்று திரும்பி வந்து சொன்னார். ஏட்டு தலையில் அடித்துக் கொண்டார்.

வழக்கு அத்தோடு முடிந்தது. விஷயம் முடியவில்லை.

"நடிப்பு" என்றார்கள்

அவருக்கு இருப்பது 'லூபஸ்' என்ற நோய். 4 ஆண்டுகளாக மாத்திரை சாப்பிடுகிறார். நிருபரிடம் அவர் கூறியதாவது:-

"முன்னே பாத்திரக் கடையில பில் போட்டேன் தம்பி. கணக்கெல்லாம் மனசுலயே வரும். இப்போ 10 மணி நேரம் தூங்கி எழுந்தாலும் மூட்டை தூக்கினவ மாதிரி இருக்கு. தலைக்குள்ள பஞ்சு அடைச்ச மாதிரி. பேசிக்கிட்டே இருப்பேன், 'கரண்டி'ங்கிற வார்த்தை வராது. 'அதான், குழம்பு ஊத்துறது'ன்னு சொல்வேன். பிள்ளைங்க சிரிக்கும். கடையில 2 தடவை சில்லறையை அதிகமாக் கொடுத்துட்டேன். 3-வது தடவை வேலையை விட்டு நின்னுக்கோன்னு சொல்லிட்டாங்க. மாமியார் நடிப்புன்னு சொல்றாங்க. பார்க்க நல்லாத்தானே இருக்கேன்?"

(நிருபருக்கும் முதலில் அந்தச் சந்தேகம் வந்தது. கன்னத்தில் லேசான சிவப்பு. மற்றபடி ஆள் நன்றாகத்தான் இருக்கிறார்.)

என்ன நோய்?

நம் உடம்புக்குள் ஒரு போலீஸ் படை இருக்கிறது. வெளியே இருந்து வரும் கிருமியைப் பிடிப்பது அதன் வேலை. அந்தப் படையே வீட்டுக்காரனைத் திருடன் என்று நினைத்து அடித்தால்? அதுதான் லூபஸ். மூட்டு, தோல், சிறுநீரகம், ரத்தம், மூளை எதையும் விடாது. நோயாளிகள் 10 பேரில் 9 பேர் பெண்கள். ஒருவரிடம் இருந்து ஒருவருக்குத் தொற்றாது.

அடித்துப் போட்ட மாதிரி சோர்வும், மூளை மந்தமும் இதோடு கூடவே வருபவை. முடக்குவாதத்திலும் இது உண்டு. பல்லாவரத்தில் வளர்ந்த நடிகை சமந்தா தனக்கு 'மயோசிட்டிஸ்' இருப்பதாக 2022-ல் அறிவித்தாரே, அதுவும் இந்தக் குடும்பத்து நோய்தான். அது தசையைத் தாக்கும்.

ஆனால் எல்லாச் சோர்வையும் லூபஸ் தலையில் கட்டி விடக் கூடாது. ரத்த சோகை, தைராய்டு குறைவு, தூக்கமின்மை, மனச் சோர்வு இவையும் சேர்ந்து ஆளை அமுக்கும். அவற்றுக்குத் தனி வைத்தியம் உண்டு. இந்தப் பெண்ணுக்கும் ரத்தம் குறைவு என்று பிறகுதான் தெரிந்தது. அதைச் சரி செய்ததும் கொஞ்சம் தெம்பு வந்ததாம்.

திடீர்க் குழப்பம், வலிப்பு என்றால் "மறதிதானே" என்று சும்மா இருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சென்ட்ரல் எதிரே உள்ள அரசு பொது மருத்துவமனையில் இதற்கென்றே 'ருமட்டாலஜி' பிரிவு இருக்கிறது. தெம்பு வந்து விட்டது என்று மாத்திரையைத் தானாக நிறுத்துவதும் ஆபத்து. நோய் மறுபடி தலை தூக்கும்.

ஆணியில் ஒரு நோட்டு

இப்போது அவர் வீட்டு அடுப்படி ஆணியில் 40 பக்க நோட்டு ஒன்று கயிற்றில் தொங்குகிறது. கூடவே பென்சில். பணத்தை எங்கே வைத்தாலும் அந்த நிமிஷமே எழுத வேண்டும். "அப்புறம் எழுதலாம்" என்பது கிடையாது.

பால் அடுப்பில் இருந்தால் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார். கணக்கு வழக்கு எல்லாம் காலையில்தான். அப்போதுதான் அவருக்குத் தலை தெளிவு. காய் நறுக்குவது உட்கார்ந்து. மத்தியானம் அரை மணி படுக்கை. களைத்து விழுந்த பிறகு அல்ல, அதற்கு முன்பே. வெயில் பட்டால் நோய் கிளம்பும் என்பதால் கையில் எப்போதும் குடை. வெயில் தாழ்ந்ததும் தெருக்கோடி வரை நடை. நடந்தால் சோர்வு கூடும் என்றுதான் பயந்தாராம். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டியதில் குறைந்திருக்கிறது.

நோட்டின் முதல் பக்கத்தைக் காட்டினார். "மன்னிப்பு கேட்டாச்சு" என்று தேதியோடு எழுதி இருக்கிறது.

"முதல்ல கேட்டப்போ எழுதி வைக்கலை தம்பி. கேட்டேனா இல்லையான்னு ஒரே குழப்பம். மறுநாள் திரும்பப் போய்க் கேட்டேன். 'அக்கா, நேத்தே கேட்டீங்களே'ன்னு அந்தப் பொண்ணு சிரிச்சிருச்சு. அவங்க அம்மாதான் சிரிக்கலை. குழாயடியில இன்னும் முகத்தைத் திருப்பிக்கிறாங்க" என்றார்.