ஆட்டின் எடையறிந்து மருந்தளிப்போம்

வடகிழக்குப் பருவமழை பெய்து, செங்கற்பட்டு ஏரிக்கரைகளிலும் மாமல்லபுரம் கடலோர மேய்ச்சல் நிலங்களிலும் புல் தழைக்கும் காலமே ஆடுகளுக்குக் குடற்புழு மிகும் காலமுமாகும். ஈரப்புல்லில் ஏறி நிற்கும் இளம்புழுக்கள் மேய்ச்சலோடு உட்சென்று, இரைப்பையில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுகின்றன. கண்ணிமையின் உட்புறம் வெளுத்தலும் தாடையின்கீழ் நீர்கோத்தலும் இதன் அறிகுறிகள். நம் வட்டாரத்துச் சென்னைச் சிவப்பு ஆடும் இதற்கு விலக்கன்று.

அல்பெண்டசோல், ஐவர்மெக்டின் போன்ற நல்ல மருந்துகள் இன்று உள்ளன. ஐவர்மெக்டினுக்கு வழிகோலிய காம்ப்பெல், ஓமுரா இருவரும் 2015-இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றனர். ஆயினும், எடையைக் கண்மதிப்பாகக் கொண்டு மருந்தைக் குறைத்து ஊற்றினால், வலிய புழுக்கள் பிழைத்துப் பெருகும். நாளடைவில் அம்மருந்துக்கு அவை அடங்கா. தமிழ்நாட்டுப் பண்ணை ஆடுகளிலேயே இத்தகைய எதிர்ப்பு ஆய்வுகளில் கண்டறியப்பட்டுள்ளது.

ஆதலின் புழுக்கையைக் கால்நடை மருந்தகத்தில் சோதிப்பித்து, ஆட்டை நிறுத்து, மருத்துவர் கூறும் அளவில் மருந்து ஊட்டுவோமாக. சினையின் தொடக்கத்தில் அல்பெண்டசோல் தரலாகாது. மருந்துண்ட ஆட்டின் பாலையும் இறைச்சியையும் குறித்த நாள் கழியுமுன் பயன்படுத்தலும் தகாது.

தராசு வாங்கத் தனியொருவரால் இயலாதெனின், சங்கத்தின் சார்பில் ஒன்று வாங்கி முறைவைத்துப் பயன்படுத்தலாம். கூட்டுறவின் பயன் அதுவன்றோ?