வைத்தியசாலையைச் சூழ வாகன நெரிசல்: யாழ்ப்பாண நகரம்

நகரப் போக்குவரத்துப் பற்றிய வினாவுக்கு “சனத்தொகை கூடியது, வாகனங்கள் கூடின” என்று மட்டும் எழுதினால் முழுப் புள்ளி கிடைக்காது. ஓர் இடத்தை உதாரணமாக எடுத்து, காரணத்தையும் விளைவையும் தொடர்புபடுத்த வேண்டும். மாணவர்களே, யாழ். போதனா வைத்தியசாலையை எடுத்துக்கொள்வோம்.

காரணங்கள்

1. அமைவிடம்: இவ்வைத்தியசாலை 1850இல், மாட்டுவண்டிக் காலத்தில் ஆரம்பிக்கப்பட்டது. பின்னர் நகரம் அதனைச் சூழ வளர்ந்தது. இன்று பேருந்து நிலையம், சந்தை, கடைகள், மருந்தகங்கள் யாவும் அதன் அயலிலேயே உள்ளன.

2. சேவைப் பரப்பு: வட மாகாணத்தின் பிரதான வைத்தியசாலை இதுவாகும். தீவகம், கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகிய இடங்களிலிருந்தும் நோயாளர் வருகின்றனர்.

3. வாகன வகையின் மாற்றம்: 1990களில் எரிபொருள் தட்டுப்பாட்டினால் பெரும்பாலானோர் துவிச்சக்கரவண்டியிலேயே வந்தனர். 2009இல் போர் முடிந்த பின் மோட்டார் சைக்கிள்களும் முச்சக்கரவண்டிகளும் கார்களும் பெருகின. ஒரு கார் நிற்கும் இடத்தில் ஏறத்தாழ பத்துச் சைக்கிள்களை நிறுத்தலாம். வாகனம் மாறியது, வீதி அகலவில்லை.

விளைவுகள்

வீதியோரத்தில் வாகனங்கள் தரிப்பதால் வீதி ஒடுங்குகிறது. பாதசாரிகள் நடுவீதிக்குத் தள்ளப்படுகின்றனர். ‘1990 சுவசெரிய’ நோயாளர் காவு வண்டிச் சேவை 2016இல் ஆரம்பமாகி, 2018இல் வடக்கிற்கும் விரிவாக்கப்பட்டது. வண்டி வீட்டு வாசலுக்கு விரைந்து வந்தாலும், வைத்தியசாலைக்கு முன்னுள்ள கடைசி நூறு மீற்றரில் தடைப்பட்டால் பயன் என்ன? மாரடைப்பு, இரத்தப்பெருக்கு போன்றவற்றில் ஒவ்வொரு நிமிடமும் உயிருடன் தொடர்புடையது. “அஞ்சு நிமிசத்தில வந்திடுவன்” என்று வாயிலோரம் விட்டுச் செல்லும் ஒரு மோட்டார் சைக்கிளே அந்த நிமிடங்களைப் பறிக்கலாம்.

தீர்வுகளும் அவற்றின் குறைகளும்

• அவசர சிகிச்சைக்கும் பார்வையாளர்க்கும் வெவ்வேறு வாயில்கள். இதற்குப் போதிய நிலம் வேண்டும்.
• ஒருவழிப் பாதை. நெரிசல் குறையும், ஆனால் பயணத் தூரம் கூடும்.
• சற்றுத் தொலைவில் பொதுத் தரிப்பிடம். முதியோர் நடக்கச் சிரமப்படுவர். எனவே வாயிலில் நோயாளரை இறக்கிவிட மட்டும் அனுமதித்தல் வேண்டும்.
• தரிப்பிடக் கட்டணம். நெடுநேரத் தரிப்புக் குறையும். ஆனால் மாதந்தோறும் கிளினிக் வரும் ஏழை நோயாளரைப் பாதிக்கும்.

கவனிக்க: ஒவ்வொரு தீர்வுடனும் அதன் குறையையும் எழுதுக. வீதியில் யாவருக்கும் உரிமையுண்டு. எனினும் வைத்தியசாலை வாயிலில் முதலுரிமை நோயாளிக்கே.

பயிற்சி: உமது பிரதேச வைத்தியசாலையின் வாயிலை ஒரு நாள் அவதானித்து, நெரிசலுக்கான இரு காரணங்களையும் பொருத்தமான ஒரு தீர்வையும் விளக்குக.