நிசின்: பால் பாக்டீரியா சுரக்கும் கிருமித்தடுப்பி

நிசின் என்பது லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் என்னும் பால் பாக்டீரியாவின் சில வகைகள் சுரக்கும் சிறு புரதப்பொருள் ஆகும். 34 அமினோ அமிலங்களால் ஆன இது, வேறு பல பாக்டீரியாக்களைக் கொல்லும். உணவுச் சேர்பொருள் பட்டியலில் இதன் எண் இ234.

இது முதலில் ஒரு தொல்லையாகவே அறியப்பட்டது. ஒரு பால் பாக்டீரியா மற்றொன்றின் வளர்ச்சியைத் தடுப்பதை 1928இல் அமெரிக்காவில் ரோஜர்ஸ், விட்டியர் இருவரும் கண்டனர். 1933இல் நியூசிலாந்தில் பாலாடைக்கட்டிக்கான உறை சரியாகப் புளிக்காததன் காரணத்தை ஆராய்ந்த ஒயிட்ஹெட், பாலிலேயே இருந்த ஒரு பாக்டீரியாவின் சுரப்பு உறைப் பாக்டீரியாவைத் தடுப்பதைக் கண்டறிந்தார். நிசின் என்ற பெயரை 1947இல் இங்கிலாந்தில் மேட்டிக், ஹிர்ஷ் ஆகியோர் இட்டனர். 1969இல் உலக உணவு, சுகாதார அமைப்புகளின் வல்லுநர் குழு இதை உணவில் சேர்க்க ஏற்றது.

பாக்டீரியா தன் செல்சுவரைக் கட்டுவதற்கான பொருள்களை லிப்பிட் 2 என்னும் மூலக்கூறு சுமந்து செல்கிறது. நிசின் அந்தச் சுமைகாரனைப் பிடித்துக்கொள்வதால் சுவர் வேலை நிற்கிறது; அத்துடன் செல்சவ்வில் துளையும் விழுகிறது. பாலாடைக்கட்டியை ஊதிக் கெடுக்கும் கிளாஸ்ட்ரிடியம், நோய் தரும் லிஸ்டீரியா ஆகியவற்றின் மீது இது வேலை செய்யும். சால்மோனெல்லா போன்ற கிராம் நெகட்டிவ் பாக்டீரியாக்களுக்கு வெளிச்சவ்வு கவசமாக இருப்பதால் அவை பெரும்பாலும் தப்பிவிடும். பூஞ்சைகளையும் இது தடுக்காது. ஆகவே நிசின் சேர்த்த உணவு கெடவே கெடாது என்று எண்ணுவது தவறு.

உற்பத்தியில்தான் உண்மையான சிக்கல். இந்தப் பாக்டீரியா சர்க்கரையை உண்டு லாக்டிக் அமிலத்தை வெளியிடுகிறது. தயிர் ஒரு நாள் கூடுதலாக வெளியே இருந்தால் எப்படிப் புளிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தப் புளிப்பு, அதை உண்டாக்கிய பாக்டீரியாவையே முடக்குகிறது. செல்லுக்குள் நுழையும் ஹைட்ரஜன் அயனிகளை வெளியேற்றுவதற்கே அதன் ஆற்றல் செலவாகிவிட, வளர்ச்சி நின்று நிசினும் குறைகிறது. காரம் சேர்த்து அமிலத்தைச் சமன் செய்யலாம். ஆனால் காரம் மிகுந்தால் நிசின் சிதையும். அமிலத்தில்தான் அது நிலையாக இருக்கும்.

எனவே அமிலத்தைத் தாங்கும் வகைகளை மரபணுப் பொறியியல் மூலம் உருவாக்க முயற்சிகள் நடக்கின்றன. குளூட்டாதயோன் என்னும் காப்புப் பொருளை உண்டாக்கும் ஈ.கோலை மரபணுக்களைப் பெற்ற லாக்டோகாக்கஸ், அமிலத்தையும் ஆக்சிஜன் பாதிப்பையும் கூடுதலாகத் தாங்கியது. டிரெஹலோஸ் என்னும் சர்க்கரையைச் சேமிக்கச் செய்வது மற்றொரு வழி.

அமிலத்தைத் தாங்கினால் மட்டும் போதாது. நிசின் அதைச் சுரக்கும் செல்லையே தாக்கக்கூடியது. நிஸ்ஐ என்னும் புரதமும், சவ்வில் சேரும் நிசினை வெளியே தள்ளும் ஒரு பம்பும் செல்லைக் காக்கின்றன. இந்தக் காப்பு மரபணுக்களைப் பெருக்கியபோது நிசின் விளைச்சலும் கூடியது.

மரபணு நுழைந்த செல்லைத் தேர்ந்தெடுக்க ஆய்வகங்களில் பொதுவாக ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பு மரபணு பயன்படுகிறது. உணவுக்கான பாக்டீரியாவில் அது இருப்பது விரும்பத்தக்கதல்ல. அந்த எதிர்ப்பு பிற கிருமிகளுக்குப் பரவக்கூடும். அதற்குப் பதிலாக நிஸ்ஐ மரபணுவையே அடையாளமாக வைக்கலாம். வளர்ப்பு ஊடகத்தில் நிசினைச் சேர்த்தால், அந்த மரபணுவைப் பெற்ற செல்கள் மட்டுமே பிழைக்கும்.