நமக்கு இடுக்கி வேண்டும்!

“வீட்டுக்கு வீடு காஸ் அடுப்பு வந்துவிட்டது. இன்னும் எதற்கு விறகடுப்புப் பேச்சு?” என்று கேட்கிறீர்களா? பொங்கலன்று முற்றத்திலோ மொட்டை மாடியிலோ அடுப்பு மூட்டிப் பானை வைப்பீர்கள் அல்லவா? ஆபத்து அன்றைக்குத்தான். தினமும் விறகு எரித்த நம் பாட்டிமார்களுக்குக் கை பழகியிருந்தது. வருஷத்துக்கு ஒரு நாள் எரிக்கும் நமக்கு அந்தப் பழக்கம் ஏது?

சிதம்பரத்தில் இருக்கும் என் பெரியம்மாவின் வலக் கையில் முழங்கை வரை ஒரு தழும்பு உண்டு. ஒரு பொங்கலன்று சவுக்கு விறகு ஈரமாக இருந்து புகைந்துகொண்டே இருந்தது. பொறுமை இழந்து மண்ணெண்ணெயை ஊற்றினாள். குப்பென்று எழுந்த தீ கையைப் பற்றிக்கொண்டது. “இது எனக்குக் கிடைத்த பொங்கல் சீர்!” என்று இன்றும் சிரித்தபடி காட்டுவாள்.

நெருப்பைக் காக்கத் தெரிந்தவர்களைக் காண வடலூருக்குப் போக வேண்டும். கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் சாலையில், குறிஞ்சிப்பாடியைத் தாண்டினால் வடலூர். சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்த வள்ளலார், பசித்து வருவோருக்குச் சோறிட 1867 மே 23-ஆம் தேதி அங்கே தருமசாலையைத் தொடங்கி அடுப்பை மூட்டினார். அது இன்றுவரை அணையாமல் காக்கப்பட்டு வருகிறது. ‘அணையா அடுப்பு’ என்றே அதற்குப் பெயர். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஒரு நெருப்பைக் காக்கப் பக்தியோடு விழிப்பும் வேண்டும்.

நம் ஒரு நாள் அடுப்புக்கும் விழிப்பு வேண்டும். பிளந்து, வெயிலில் நன்றாகக் காய்ந்த விறகாகப் பாருங்கள். அடுப்பு நிறையத் திணிக்காமல், இடையே காற்றுப் புக வழி விடுங்கள். எவ்வளவு புகைந்தாலும் மண்ணெண்ணெய்ப் பக்கம் கை போகக் கூடாது.

ஊதுகுழலை நீளமாகச் செய்திருப்பது முகம் தணலை நெருங்காமல் இருக்கத்தான். முகத்தைத் திருப்பி மூச்சை இழுத்துக்கொண்டு, பிறகு குழலில் வாய் வையுங்கள். குழலில் வாய் வைத்தபடியே இழுத்தால் புகையும் சாம்பலும் தொண்டைக்குள் போய்விடும்.

கொள்ளியைத் தள்ளவும் இழுக்கவும் நீண்ட இடுக்கி வேண்டும். பானையை இறக்கத் தடித்த, உலர்ந்த துணி வேண்டும். ஈரத் துணியில் சூடு சட்டென்று ஏறிவிடும். முந்தானை இரண்டுக்கும் உதவாது! அதை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். அன்றைக்கு நைலான் புடவையும் வேண்டாம். தீப்பட்டால் உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு வாளி மணலும் இருக்கட்டும்.

பொங்கல் முடிந்த பிறகுதான் நீறுபூத்த நெருப்பு ஏமாற்றும். தண்ணீர் தெளித்துக் கம்பியால் கிளறி, மறுபடியும் தெளியுங்கள். நன்றாக ஆறிய சாம்பலை இரும்பு வாளியில் அள்ளுங்கள். குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று தணலை மூடிய அறையில் வைத்துக்கொண்டு தூங்கவே கூடாது. அதிலிருந்து எழும் நச்சு வாயுவுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிரைக் குடித்துவிடும்.

தப்பித் தவறிச் சுட்டுக்கொண்டால் மாவோ மையோ பூசாதீர்கள். ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டிவிட்டு, டாக்டரிடம் போங்கள்.

பெரியம்மா இப்போதெல்லாம் பொங்கல் கோலம் போடும் முன்பே இடுக்கியைத் தேடி எடுத்து வைத்துவிடுகிறாள். கேட்டால், “கையில் நெருப்பை ஏந்திக்கொண்டு ஆட எங்கள் ஊர் நடராஜரால்தான் முடியும். நமக்கு இடுக்கி வேண்டுமடி!” என்கிறாள்.