விடை ஒன்றல்ல

என் மகளுக்குக் கடலூர் மாவட்டத் திட்டக்குடியில் வீட்டிலேயே பாடம் நடத்துகிறேன். காலையில் முதலில் திறப்பது பாடப்புத்தகம் அல்ல, கதைப்புத்தகம். வாய்விட்டு வாசிப்பேன், அவள் குறுக்கே கேட்டுக்கொண்டே இருப்பாள். முடித்ததும் தன் சொற்களில் அந்தக் கதையைத் திருப்பிச் சொல்லவேண்டும். இங்கிலாந்தின் கல்வியாளர் சார்லட் மேசன் (1842–1923) வற்புறுத்திய முறை இது. "எங்கே, இப்ப நீ சொல்லு பாப்போம்" என்று நம் ஆயாக்களும் கேட்டதுதான்.

நல்ல நூலுக்கு வெகுதூரம் போகவேண்டாம். கடலூரில் ஆசிரியராகப் பணியாற்றிய ஆயிஷா இரா. நடராசனின் 'விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்' 2014இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது பெற்றது.

கதைக்குப் பிறகு கைவேலை. வெள்ளாற்று மணலில் அணை கட்டச் சொல்வேன். எப்படி என்று சொல்லமாட்டேன். களிமண், புல், தென்னைமட்டை எதுவும் ஆகலாம். உடைந்தால் ஏன் உடைந்தது என்பதையும் அவளே சொல்லட்டும். பக்கத்திலுள்ள வெலிங்டன் ஏரிக்கு அழைத்துப்போனபோது, "இவ்ளோ நீளக் கரைக்கு மண்ணை எங்கேருந்தும்மா கொண்டாந்தாங்க?" என்றாள். அந்த ஒரு கேள்வியில் வரலாறு, புவியியல், கன அளவுக் கணக்கு எல்லாம் வந்துவிட்டன. நான் திட்டமிட்டிருந்தால் இவ்வளவு கோத்திருக்க முடியாது.

"சர்டிபிகேட்டுக்கு என்ன பண்ணுவே?" என்பது உறவினர்களின் கவலை. நியாயமான கவலைதான். 14 வயது நிறைந்தவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பதிந்து பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். வீட்டிலேயே பாடம் நடத்த முடியாவிட்டாலும், பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு மாலையில் ஒரு கதை வாசித்துக்காட்டலாம். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.