நன்றி வழிபாடு (கிறித்தவம்)

நன்றி வழிபாடு என்பது, தாம் பெற்ற நன்மைகள் யாவும் கடவுளிடமிருந்து வந்தவை என ஏற்று, அதனைத் தனியாகவோ சபையாகவோ கிறித்தவர்கள் வெளிப்படுத்தும் வழிபாடு ஆகும். மன்றாட்டில் மனிதர் ஒன்றை வேண்டிக் கேட்கின்றனர். நன்றி வழிபாட்டில் ஏற்கெனவே பெற்றதை நினைவுகூர்கின்றனர். தமிழ்க் கிறித்தவர்களிடையே இது தோத்திரம், ஸ்தோத்திரம் எனவும் வழங்கப்படுகிறது.

பெயர்

திருச்சபையின் மைய வழிபாடான நற்கருணை, பல மொழிகளில் 'யூக்கரிஸ்தியா' என்னும் கிரேக்கச் சொல்லின் வழிவந்த பெயரால் அழைக்கப்படுகிறது. இச்சொல்லின் பொருள் 'நன்றி செலுத்துதல்' என்பதாகும். இறுதி இராவுணவின்போது இயேசு நன்றி கூறி அப்பத்தைச் சீடர்களுக்குப் பகிர்ந்தளித்தார் என விவிலியம் கூறுகிறது (லூக்கா 22:19). மறுநாள் அவர் சிலுவையில் அறையப்பட்டார். எனவே இந்நன்றி நல்ல நாளில் மட்டும் செலுத்தப்படுவதாகக் கருதப்படுவதில்லை.

நோக்கம்

குறை ஒன்றும் இல்லாத கடவுளுக்கு மனிதரின் நன்றி எதற்கு என்னும் வினா பழமையானது. கடவுள் பசித்து உணவு கேட்பவர் அல்லர் எனத் திருப்பாடல் (சங்கீதம்) 50 இதற்கு விடை தருகிறது. கத்தோலிக்கத் திருப்பலி நூலில் உள்ள ஒரு மன்றாட்டும் மனிதரின் புகழ்ச்சி கடவுளுக்குத் தேவையில்லை என்றும், நன்றி செலுத்தும் மனமே அவர் தரும் கொடை என்றும் எடுத்துரைக்கிறது. ஆகவே நன்றி என்பது பெற்றதற்குக் கொடுக்கும் விலை அன்று. பெற்றவரின் மனத்தை மாற்றுவதே அதன் நோக்கம் எனக் கிறித்தவ இறையியல் விளக்குகிறது.

இம்மாற்றம் பகிர்வில் வெளிப்பட வேண்டும் என்பது விவிலியத்தின் கருத்து. பழைய ஏற்பாட்டில் நன்றிப் பலியின் இறைச்சியை அன்றே உண்டு முடிக்க வேண்டும் (லேவியர் 7:15). அதனைச் சேமித்து வைக்க இயலாது. முதற்கனி படைக்கும் நாளில் லேவியரும் அந்நியரும் உடன் மகிழ வேண்டும் (இணைச்சட்டம் 26:11). நீதியற்ற வழிபாட்டைக் கடவுள் வெறுக்கிறார் என இறைவாக்கினர் ஆமோசு கண்டித்துள்ளார் (ஆமோசு 5:21-24).

தமிழகத்தில்

தென்னிந்தியத் திருச்சபையின் சபைகளில் அறுப்பின் பண்டிகை கொண்டாடப்படுகிறது. நெல், காய்கறி, தேங்காய், கோழி முதலியவை ஆலயத்தில் படைக்கப்பட்டு ஏலம் விடப்படும். அத்தொகை சபையின் பணிகளுக்குப் பயன்படும். இதையொத்த விழா இங்கிலாந்தில் 1843 ஆம் ஆண்டு கார்ன்வால் பகுதியில் குரு ராபர்ட் ஹாக்கர் நடத்திய வழிபாட்டிலிருந்து பரவியதாகக் கூறப்படுகிறது. கத்தோலிக்க ஆலயங்கள் பலவற்றில் பொங்கல் நாளில் நன்றித் திருப்பலி நிறைவேற்றப்படுகிறது. சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துவைத்துக் காணிக்கையாக்கும் வழக்கமும் உண்டு. விளைநிலம் இல்லாதவரும் நன்றி செலுத்த இது வழி செய்கிறது.

உப்பும் மழையும்

விளைச்சலுக்கான நன்றி பெரும்பாலும் வயலையே முன்வைக்கிறது. விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் போன்ற உப்பளக் கரைகளில் நிலைமை வேறு. அங்கு உவர்நீரைப் பாத்திகளில் தேக்கி, வெயிலில் வற்றவிட்டு உப்பு வாருகின்றனர். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் பாத்திகள் நீரில் மூழ்கி உற்பத்தி நின்றுவிடுகிறது. தொழிலாளர்கள் வேலை இழக்கின்றனர். நெல்லுக்கு வரமாகும் அதே மழை உப்புக்கு இழப்பாகிறது. கடவுள் நேர்மையாளர், நேர்மையற்றோர் இருவர் மேலும் மழை பெய்யச் செய்கிறார் என இயேசு கூறினார் (மத்தேயு 5:45). இதன்படி மழையை ஒருவருக்கான பரிசாகவோ மற்றவருக்கான தண்டனையாகவோ கொள்ள இயலாது. வயலுக்காக நன்றி கூறும் சபை, அதே மழையால் கூலி இழந்தவரையும் நினைக்க வேண்டியதாகிறது.

உப்புக்கும் வழிபாட்டுக்கும் நேரடித் தொடர்பும் உண்டு. தானியப் படையல் ஒவ்வொன்றிலும் உப்பு சேர்க்கப்பட வேண்டும் என்பது பழைய ஏற்பாட்டு விதி (லேவியர் 2:13).

துன்பவேளையில்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை அன்று ஆழிப்பேரலை தமிழகக் கடற்கரையைத் தாக்கியது. வேளாங்கண்ணியில் கிறித்துமசுக்காக வந்திருந்த பயணிகள் பலர் உயிரிழந்தனர். மரக்காணம் கரையும் பாதிக்கப்பட்டது. இத்தகைய இழப்பில் நன்றி கூறுவது பொருளுடையதா என்னும் வினா எழுகிறது. திருப்பாடல்களில் கணிசமானவை புலம்பல்களே. முறையிடுதலும் வழிபாடே என்பதற்கு அவை சான்று. எல்லாச் சூழ்நிலைகளிலும் நன்றி கூறுங்கள் எனப் பவுல் அறிவுறுத்துவதை (1 தெசலோனிக்கர் 5:18), துன்பத்துக்காக நன்றி கூறுவதாக அல்லாமல், துன்பத்தினூடும் நன்றியை விடாதிருப்பதாகவே விளக்கவுரையாளர் பலர் கொள்கின்றனர்.